எண்ணெய் வாட்டர் ஹீட்டர்: கருவி வைத்து அளந்தால்தான் வேலை முடிந்தது

அமெரிக்காவின் வடகிழக்கில் மாசசூசெட்ஸ், கனெக்டிகட், மெயின் பக்கம் பழைய வீடு வாங்குகிறவர்கள் பேஸ்மென்ட்டில் 275 கேலன் எரிபொருள் எண்ணெய் டாங்க் ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தெருவில் காஸ் குழாய் இல்லாத இடங்களில் வீட்டுச் சூடும் வெந்நீரும் அந்த டாங்கிலிருந்துதான் வரவேண்டும். பழைய ஹீட்டர் ஒழுகி, புதிது வைக்கும் நிலை வந்தால் அதை நீங்களே செய்ய முடியாது. மாசசூசெட்ஸில் எண்ணெயை எரிக்கும் கருவியான பர்னரின் வேலைக்கு அதற்கான சான்றிதழ் பெற்ற டெக்னீஷியன் வேண்டும், ஊர் தீயணைப்புத் துறையின் பெர்மிட்டும் வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கு லைசென்ஸ் உள்ள பிளம்பர், அதற்குத் தனி பெர்மிட்.

ஆள் வைத்துச் செய்தாலும் வீட்டுக்காரர் விஷயம் தெரிந்து பக்கத்தில் நிற்பது நல்லது. தப்பாகப் பொருத்திய எண்ணெய் ஹீட்டர் முதல் நாளே காட்டிக்கொடுக்காது. வெந்நீர் வரும், சத்தமும் சரியாக இருக்கும். உள்ளே கரி படிந்துகொண்டே போய், இரண்டாம் குளிர்காலத்தில் வீடு முழுக்கக் கரும்புகை கக்கும்.

முதலில் அளவு. எண்ணெய் பர்னரின் வேகம் தெரியாமல் ஹீட்டருக்குப் பெரிய தண்ணீர் டாங்க் கேட்பவர்கள் உண்டு. மணிக்கு 0.75 கேலன் எரிக்கும் பர்னர் ஏறத்தாழ 1,04,000 பிடியு (வெப்பத்தின் அலகு) வெப்பம் தரும். அதில் எண்பது சதவீதம் தண்ணீரில் சேர்ந்தாலும், 90 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்வுக்கு மணிக்கு 110 கேலன் வெந்நீர் கிடைக்கும். 4,500 வாட் மின்சார ஹீட்டர் அதே நேரத்தில் 20 கேலன்தான் தரும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 32 கேலன் எண்ணெய் ஹீட்டர் தாராளம்.

அடுத்தது காற்று. அதிகம் கவனிக்காமல் விடப்படுவது இதுதான். ஒரு கேலன் எண்ணெய் முழுதாக எரிய சுமார் 1,400 கன அடி காற்று தேவை, நடைமுறையில் அதைவிடக் கூடுதல். ஆயிரம் பிடியுவுக்கு 50 கன அடி இடம் இல்லாத அறை, அடைபட்ட அறை என்றே கணக்கு. நம் 1,04,000 பிடியு ஹீட்டருக்கு 5,200 கன அடி வேண்டும்: எட்டடி உயரக் கூரை என்றால் 26க்கு 25 அடி தரை. பேஸ்மென்ட்டைத் தடுத்துப் படிப்பறையோ விளையாட்டு அறையோ கட்டி, ஹீட்டரை ஓர் அலமாரி அளவு அறைக்குள் தள்ளிவிட்டால் பர்னர் மூச்சுத் திணறும். அப்படிக் கட்டியாகிவிட்டது என்றால், பெரிய இடத்தைப் பார்த்த சுவரில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு திறப்பு வேண்டும், ஒவ்வொன்றும் குறைந்தது 104 சதுர அங்குலம். அந்தத் திறப்பில் சாய்வான மரப் பட்டிகள் போட்டிருந்தால் கால் பங்குதான் உண்மையான திறப்பு என்று கணக்கிடுவார்கள், உலோகப் பட்டிகள் என்றால் முக்கால் பங்கு. துணி உலர்த்தி, சமையலறைப் புகை விசிறி எல்லாம் இதே காற்றைத்தான் வெளியே இழுக்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

புகைபோக்கிக்கு வருவோம். ஹீட்டரிலிருந்து போகும் குழாய் அடிக்குக் கால் அங்குலம் வீதம் மேல்நோக்கி ஏறவேண்டும், ஒவ்வொரு மூட்டிலும் மூன்று திருகு. ஒற்றைத் தகட்டுக் குழாய் என்றால் மரச்சட்டத்திலிருந்து 18 அங்குலம் விலகி இருக்கட்டும். புகையை மேலே இழுக்கும் விசையை, அதாவது இழுவையை, சீராக வைக்க, எடை தொங்கும் சிறு கதவு ஒன்று, பரோமெட்ரிக் டாம்பர், அந்தக் குழாயில் இருக்கும். அதைச் சாய்வாகப் பொருத்தினால் கதவு ஒட்டிக்கொள்ளும், ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

இப்போது பல வீடுகளில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் பாய்லரை எடுத்துவிட்டு, மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் போடுகிறார்கள். அங்கே ஒரு சிக்கல் வருகிறது. பாய்லருக்கும் ஹீட்டருக்கும் சேர்த்துக் கட்டிய பெரிய செங்கல் புகைபோக்கியில் சின்ன ஹீட்டர் மட்டும் தனியாக மிஞ்சும். அதன் புகை அவ்வளவு பெரிய குழியைச் சூடாக்காது, குளிர்ந்து நீர்த்துளியாகும். எண்ணெயில் உள்ள கந்தகம் அதில் கலந்து அமிலமாகிச் சாந்தை அரிக்கும், இழுவையும் விழும். உள்ளே சரியான அளவில் எஃகு லைனர், அதாவது உள்குழாய், இறக்குவதுதான் வழி. செலவு கூடும்தான். ஆனால் இதைத் தள்ளிப்போடச் சொல்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம் என்பேன்.

எண்ணெய்க் குழாய்க்கு மூன்று விஷயம். மூட்டுகள் குழாயின் முனையை விரித்து இறுக்கும் ஃப்ளேர் வகையாக இருக்கவேண்டும், வளையம் வைத்து நெருக்கும் கம்ப்ரஷன் மூட்டு எண்ணெய்க்கு ஆகாது. வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது: அதன் இழை பிய்ந்து பம்ப்புக்குள்ளும், எண்ணெயைத் தெளிக்கும் முனையான நாசிலுக்குள்ளும் போய் அடைக்கும், எண்ணெய்க்கு ஏற்ற பசைதான் பூசவேண்டும். கான்கிரீட் தரைக்கு அடியில் வெறும் செம்புக் குழாய் போனால் அரித்து, தெரியாமலே மண்ணுக்குள் கசியும். 2011 செப்டம்பர் 30 முதல் மாசசூசெட்ஸ் சட்டப்படி, ஒன்று குழாய்க்கு உறை போட வேண்டும், அல்லது டாங்க் அருகே பாதுகாப்பு வால்வு வைக்க வேண்டும். குழாய் உடைந்தால் டாங்க் முழுவதும் வடிந்துவிடாமல் அந்த வால்வு தடுக்கும். பழைய குழாயிலேயே புது ஹீட்டரை மாட்டித்தர ஒருவர் முன்வந்தால் இதைக் கேளுங்கள். பர்னர் அருகே 165 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகித் தானே மூடும் வால்வு, அதையடுத்து ஃபில்டர். டாங்குக்கும் பர்னருக்கும் இடையே ஐந்தடியாவது இருக்கட்டும்.

தண்ணீர்ப் பக்கம் எந்த ஹீட்டருக்கும் உள்ளதுதான். 150 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), 210 டிகிரி குறித்த பாதுகாப்பு வால்வு. அதன் வடிகுழாய் தரைக்கு ஆறு அங்குலம் மேலே வரை இறங்க வேண்டும், முனையில் திருகு மரையோ குழாய்மூடியோ இருக்கக்கூடாது. டாங்கில் 140 டிகிரி வைத்தால் கிருமி வளராது, ஆனால் அந்தச் சூடு தோலை ஆறு விநாடியில் வேகவைக்கும். 120 டிகிரியில் ஐந்து நிமிடம் பிடிக்கும். சின்னக் குழந்தையோ வயதானவர்களோ உள்ள வீட்டில் வெந்நீரில் குளிர்நீர் கலந்து அனுப்பும் கலவை வால்வு கட்டாயம் வையுங்கள்.

மின்சாரத்துக்குத் தனி சர்க்யூட், பேஸ்மென்ட் படிக்கட்டின் மேல்முனையில் சிவப்புத் தகடு போட்ட ஸ்விட்ச், பர்னருக்கு நேர்மேலே கூரையில் தீச்சூட்டில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச். புகை வந்தால் கீழே இறங்காமலே அணைக்க முடியவேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சிவப்புத் தகடு. வீட்டில் எல்லோருக்கும் அதைக் காட்டிவையுங்கள்.

இனி முதல் எரிப்பு. ஹீட்டரின் தண்ணீர் டாங்கை நிரப்பி, வெந்நீர்க் குழாயில் காற்று போய்த் தண்ணீர் தடையில்லாமல் வரும்வரை பர்னரைத் தொடக்கூடாது. பம்ப்பிலிருந்து காற்றை வெளியேற்றிய பிறகு அழுத்தத்தைக் கேஜ் வைத்துப் பார்க்கவேண்டும். நாசில் மேல் எழுதியுள்ள அளவு 100 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கானது. 0.65 நாசிலை 140இல் ஓட்டினால் மணிக்கு 0.77 கேலன் போகும். ஹீட்டரின் கையேட்டில் சொன்ன நாசில், சொன்ன கோணம், சொன்ன அழுத்தம் மூன்றும் சேர்ந்துதான் சரி. கையில் இருந்த நாசிலைப் போட்டுவிட்டேன் என்பது பதில் ஆகாது.

பத்து நிமிடமாவது ஓடிச் சூடான பிறகுதான் அளவீடு. ஹீட்டருக்கும் டாம்பருக்கும் நடுவே குழாயில் கால் அங்குலத் துளை போட்டு, இழுவை, கரி, கரியமில வாயு, கார்பன் மோனாக்ஸைடு, புகையின் சூடு ஐந்தையும் பார்ப்பார்கள். எரியும் அறைக்குள் இழுவை கழித்தல் 0.02 அங்குல நீர்மட்ட அழுத்த அளவில் இருக்கவேண்டும். வடிதாளில் கரியின் நிழல் மட்டும் தெரியும் வரை காற்றைக் குறைத்து, அப்போதைய கரியமில வாயு அளவைக் குறித்துக்கொண்டு, பிறகு அது ஒன்றரை முதல் இரண்டு புள்ளி இறங்கும் வரை காற்றைத் திறக்கவேண்டும். அந்த இடைவெளிதான் தூசி படியும் மாதங்களிலும் கரி பிடிக்காமல் காப்பாற்றும். சுடரின் நிறத்தைப் பார்த்து இதையெல்லாம் சொல்ல முடியாது, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும். அளந்த எண்களைத் தாளில் எழுதி ஹீட்டர் பக்கத்தில் தொங்கவிடச் சொல்லுங்கள், அடுத்த வருட சர்வீஸுக்கு வருபவருக்கு அதுதான் அடிப்படை. அன்றைக்கே ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளிலிருந்து பத்தடிக்குள்ளும், கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

பர்னர் எரியாமல் நின்றால் சிவப்பு ரீசெட் பட்டனை ஒரே ஒரு முறை அழுத்தலாம். அதற்கும் எரியவில்லையா, ஸ்விட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் எரியாத எண்ணெய் உள்ளே பீய்ச்சப்பட்டுத் தேங்கும். நாலைந்து முறைக்குப் பிறகு தீ பிடித்தால் அத்தனையும் ஒன்றாகப் பற்றி, குழாய் மூட்டுகளைப் பெயர்த்துக்கொண்டு கரி வீடு முழுக்கப் பரவும்.

எண்ணெயை விட்டு ஹீட் பம்ப் ஹீட்டருக்கு மாறுகிறீர்கள் என்றால் டாங்க்கை எடுக்கும் அன்றே, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் நிரப்பும் குழாயையும் காற்றுக் குழாயையும் கழற்றி, சுவர்த் துளையை சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள். மூடி போட்டால் போதாது. முகவரி மாறி வந்த லாரிக்காரர், டாங்க் இல்லாத வீட்டின் குழாயில் நூற்றுக்கணக்கான கேலன் எண்ணெயை நேரே பேஸ்மென்ட்டுக்குள் ஊற்றிவிட்டுப் போவது நடக்கிற விஷயம்தான்.