கிள்ளைப் பெண்ணும் சுவாச வேரும்

கடலூரில் எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் பி.எட். மாணவி, பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். பத்தாம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கச் சொன்னதும் கண் கலங்கிவிட்டது. "உயிரியலைத் தொட்டே பல வருஷம் ஆச்சுங்க மேடம்."

தப்பு அவளுடையதல்ல. பட்டப்படிப்பில் மூன்று வருடமும் இயற்பியலே பிரதானம். பள்ளிக்கு வந்தால் வேதியியல், உயிரியல் எல்லாவற்றுக்கும் அவளே ஆசிரியை! மைசூரில் 1960களிலேயே 4 ஆண்டு பி.எஸ்சி. பி.எட். தொடங்கி, அறிவியலையும் கற்பித்தலையும் சேர்த்தே சொல்லித்தருகிறார்கள். நம் பக்கம் பெரும்பாலும் பட்டம் முடித்து, அப்புறம் 2 வருட பி.எட். தான்.

"எந்த ஊரும்மா?"

"கிள்ளை."

பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டுப் பக்கத்திலேயே வளர்ந்தவள்! பார்த்ததைச் சொல்லு என்றேன்.

மறுநாள், "சேத்துக்குள்ள காத்து கம்மி, அதான் வேர் மேல வந்து மூச்சு விடுது" என்று ஆரம்பித்தாள். கடைசி பெஞ்சு வரை நிமிர்ந்து உட்கார்ந்தது.