புறப்பரப்பு வேதியியல் நேர்முகத் தேர்வு: ஆற்றல் எங்கே போயிற்று?

முனைவர் பட்டத்துக்குத் தேர்வானவர்களின் பட்டியல் வந்துவிட்டது, என் பெயரும் இருக்கிறது. நெட், கேட் மதிப்பெண்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இது முனைவர் பட்ட நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு, அதிலும் விண்ணப்பத்தில் விருப்பப் பாடமாகப் புறப்பரப்பு வேதியியலை (திண்மங்களின் மேற்பரப்பில் மூலக்கூறுகள் படும் பாட்டைப் படிப்பது) துணிந்து எழுதியவர்களுக்கு மட்டும்.

மேற்பரப்பில் எவ்வளவு வாயு ஒட்டும் என்று சொல்லும் லாங்மியூர் சமன்பாட்டைத் தருவிக்கச் சொல்வார்கள் என்று எல்லோரும் தயாராகிறார்கள். என்னிடம் அதை ஒருவரும் கேட்கவில்லை. "மூலக்கூறு வந்து ஒட்டிக்கொண்டது என்கிறீர்களே, அது கொண்டுவந்த ஆற்றல் எங்கே போயிற்று?" என்றார்கள். பிறகு வந்தவை எல்லாம் இதன் கிளைகள்தான்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு வழி. வாயைத் திறக்கும் முன் எல்லா எண்களையும் ஒரே அலகுக்கு மாற்றிக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிட வேண்டும். நான் அலை எண்ணில் எழுதினேன். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 208 செ.மீ⁻¹. தாமிரத்தின் டிபை வெப்பநிலை 343 கெல்வின், அதாவது அதன் ஃபோனான் (படிக அணுக்களின் அதிர்வு ஆற்றலின் ஒரு சிப்பம்) ஒன்று அதிகபட்சம் சுமக்கக்கூடியது ஏறக்குறைய 240. தாமிரத்தின் மீது அமர்ந்த கார்பன் மோனாக்சைடின் அதிர்வு ஏறத்தாழ 2,090. மூன்றையும் அடுத்தடுத்து எழுதினாலே பாதிப் பதில் வந்துவிடும். ஒன்பது ஃபோனான்கள் ஒரே கணத்தில் சேர்ந்து வாங்கினால்தான் அந்த அதிர்வு அடங்கும். டீக்கடையில் பெரிய நோட்டை நீட்டிவிட்டுச் சில்லறைக்கு நிற்பவரின் நிலைதான் அந்த மூலக்கூறுக்கு.

ஆனால் அளந்து பார்த்தால் அந்த அதிர்வு சுமார் 2 பிகோ செகண்டில் அடங்கிவிடுகிறது! ஆற்றலை வாங்கியவை உலோகத்தின் எலக்ட்ரான்கள். உலோகத்தில் எலக்ட்ரான்–துளை இணையை (மேலேறிய எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற வெற்றிடமும்) உருவாக்கக் குறைந்தபட்ச ஆற்றல் என்று ஒன்று கிடையாது. அதே மூலக்கூறைச் சோடியம் குளோரைடு படிகத்தின் மீது வையுங்கள். அங்கே எலக்ட்ரான் மேலேறத் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி 8 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல் என்பதால் எலக்ட்ரான் வழி மூடியிருக்கிறது. ஃபோனான் வழியில் பழைய நெருக்கடிதான். 1990இல் சாங், யூயிங் இருவரும் அளந்த ஆயுட்காலம் மில்லி செகண்டுகளில் இருந்தது. மூலக்கூறு காத்திருந்து அகச்சிவப்பு ஒளியாகவே ஆற்றலை உமிழ்கிறது. தாமிரத்தோடு ஒப்பிட்டால் நூறு கோடி மடங்குக்கும் மேல் வித்தியாசம். இந்த ஓர் ஒப்பீட்டை மட்டும் படித்துக்கொண்டு போனாலும் போதும் என்பேன். மிகைதான், ஆனால் எனக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்துக் கேட்டது மோதல். பௌலே சூத்திரம்: நேர் மோதலில் கைமாறும் ஆற்றலின் பங்கு, நிறைகளின் பெருக்கலை 4ஆல் பெருக்கி, கூட்டலின் வர்க்கத்தால் வகுத்தது. ஆர்கான் தாமிரத்தில் மோதினால் 95 சதவீதம், ஹைட்ரஜன் அணு தங்கத்தில் மோதினால் வெறும் 2 சதவீதம். ஆனால் 2015இல் வெளியான கோட்டிங்கன் குழுவின் சோதனையில் தங்கத்தில் மோதித் திரும்பிய ஹைட்ரஜன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றலை இழந்திருந்தது. திண்ம செனான் மீது இழப்பு மிகக் குறைவு. மீண்டும் எலக்ட்ரான்கள்தான். சூத்திரம் தோற்கும் இடத்தை நாமே சொன்னால் எதிரே இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

மேற்பரப்பின் மீது மூலக்கூறின் நகர்வுக்கு ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பழகுங்கள். வெளியேற 0.5, அடுத்த இடத்துக்குத் தாவ 0.1 எலக்ட்ரான் வோல்ட் என்று கொள்ளுங்கள், முன்காரணி (நொடிக்கு எத்தனை தடவை முயல்கிறது என்பது) இரண்டுக்கும் 10¹³. அறை வெப்பநிலையில் மூலக்கூறு தங்குவது 25 மைக்ரோ செகண்டு, அதற்குள் தாவுவது 50 லட்சம் தடவை. ஆனால் திசையற்ற அலைச்சல் என்பதால் கிளம்பிய இடத்திலிருந்து சுமார் 2,300 அணிக்கோவை இடைவெளிதான் (அடுத்தடுத்த அணுக்களுக்கு இடையிலான தூரம்), அரை மைக்ரோமீட்டரைச் சற்றே தாண்டும்.

இங்கே பலர் நிறுத்திவிடுகிறார்கள். தாவிய மூலக்கூறு அடுத்த குழியில் நிற்க வேண்டுமானால் ஆற்றலை இழந்தாக வேண்டும். உராய்வு குறைவாக இருந்தால் இரண்டு மூன்று குழிகளைத் தாண்டி ஓடும். கேம்பிரிட்ஜில் ஹீலியம் ஸ்பின் எக்கோ முறையால் (ஹீலியம் அணுக்களைச் சிதறவிட்டு மேற்பரப்பு நகர்வை அளப்பது) கிராஃபைட் மீது பென்சீனைப் பார்த்தபோது (2009) கிடைத்த உராய்வு, அதாவது நகர்வு தணியும் வீதம், பிகோ செகண்டுக்கு ஏறத்தாழ 2.2.

இனிச் சில்லறைக் குறிப்புகள்:

- நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லாதீர்கள். சாக்பீஸை எடுத்துவிடுங்கள். பேச்சில் வல்லவர்கள் இதைப் புறக்கணிக்கலாம், நான் அப்படியல்ல.
- பயிற்சி மையக் குறிப்புகளில் இந்தப் பகுதி கிடையாது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.
- புறப்பரப்பு வேதியியலுக்காக கெர்ஹார்ட் எர்ட்ல் பெற்ற 2007 நோபல் பரிசைச் சொன்னால் அம்மோனியா தொகுப்பின் படிகளையும் கேட்பார்கள்.
- விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் ஒரு கேள்வி.

வேறொரு நிறுவனத்தில் இதே பதிலைத் தொடங்கியபோது, "கதை வேண்டாம், சூத்திரம் சொல்லுங்கள்" என்று நிறுத்திவிட்டார்கள். அங்கே கிடைக்கவில்லை. அந்தக் கசப்பு இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்ட குழு அமைந்தால் அர்ரீனியஸ் (வெப்பநிலையோடு வேகம் மாறும் சூத்திரம்), விரவல் குணகம் (பரவும் வேகத்தின் அளவு) இரண்டையும் எழுதிவிட்டு அமைதியாக இருங்கள்.

ஹைட்ரஜனின் நகர்வைக் குறைந்த வெப்பநிலையில் கேட்டால் அர்ரீனியஸ் பக்கம் போகவே வேண்டாம். தாமிரத்தின் மீது 60 கெல்வினுக்குக் கீழே அது டனலிங் வழியாகத்தான், அதாவது தடையை ஏறித் தாண்டாமல் ஊடுருவித்தான் நகர்கிறது.