குறட்டை மாதிரி

ஒருவர் மயங்கிக் கிடக்கிறார், ஆம்புலன்ஸ் வேண்டும் என்று ஒரு பெண் போன் பண்ணினார். "மூச்சு இருக்கா?" என்று கேட்டேன். "இருக்குங்க, குறட்டை மாதிரி விட்டுவிட்டு வருது" என்றார் அந்தப் பெண். சரி என்று பதிந்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்: பக்கத்தில் கோயில், பள்ளிக்கூடம், ரேஷன் கடை ஏதாவது இருக்கா?

இதயம் நின்றுபோன முதல் சில நிமிடங்களில் அப்படி ஓர் இழுப்பு வருவதுண்டு. பார்ப்பவருக்கு மூச்சு மாதிரித்தான் தெரியும். ஆனால் அது மூச்சில் சேர்த்தி இல்லை. நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தச் சொல்லியிருக்க வேண்டும். பயிற்சியில் படித்ததுதான். 'விட்டுவிட்டு' என்ற சொல் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஊர் புதுப்பட்டி என்றார். விருதுநகர் பக்கம் ஒரு புதுப்பட்டி, கம்பம் பக்கம் ஒன்று, புதுக்கோட்டைப் பக்கம் இன்னொன்று. எந்தப் புதுப்பட்டி என்றால், "நம்ம புதுப்பட்டிதாங்க" என்கிறார். வண்டி ஊர் மாறிப் போனால் மற்ற எதைச் சரியாகக் கேட்டு என்ன பயன்?

"கேள்வியே கேட்டுட்டு இருக்கீங்களே, வண்டிய அனுப்புங்க சார்!" இதைக் கேட்காத ஷிஃப்ட் கிடையாது. இடம் பிடிபட்டதும் வண்டியைக் கிளப்பிவிடுவோம். மீதிக் கேள்விகள் அது ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்பவை. அதை ஒரு வரியில் சொன்னால் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். அன்று சொன்னேனா? பதிவைப் போட்டுக் கேட்டேன். சொல்லவில்லை. "பதறாதீங்கம்மா" என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறேன், மூன்றாவதில் அதட்டல். அந்த அழைப்புக்கு மேற்பார்வையாளர் நல்ல மார்க் போட்டிருந்தார். எல்லாக் கேள்வியும் வரிசையாகக் கேட்டிருக்கிறேனாம்.

மயங்கிக் கிடந்தவர் பிழைத்தாரா என்று தெரியாது. போனை வைத்ததும் அடுத்த மணி அடித்துவிடும். அழுத்தச் சொல்லியிருந்தாலும் அந்தப் பெண்ணால் முடிந்திருக்குமா? இப்படிக் கேட்டுக்கொள்வது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

இப்போதெல்லாம் போனை மயங்கிக் கிடப்பவர் வாய்க்கிட்ட வைக்கச் சொல்லி நானே கேட்கிறேன். போன வாரம் ஒருவர் அப்படி வைத்தார். நிதானமாக, சீராக வந்தது. நிஜக் குறட்டைதான் என்று நினைக்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே லைன் கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தால் சுவிட்ச் ஆஃப். தெருப்பெயரை இன்னும் வாங்கியிருக்கவில்லை.