விளக்கைத் 'திறக்கிற' என் மாணவர்கள்

சிங்கப்பூரில் ஞாயிறு மாலைகளில் நாலு பேருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாரும் சீனாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். போன வாரம் ஒரே புழுக்கம். ஒருவர் எழுந்து, "டீச்சர், ஐ ஓப்பன் த ஃபேன்" என்றார். மாண்டரினில் கதவைத் திறக்க, விளக்கைப் போட, கார் ஓட்ட எல்லாவற்றுக்கும் 'காய்' என்ற ஒரே சொல்தான். நான் சிரிக்கவில்லை. நாமும் லைட்டைப் 'போடு' என்றுதானே சொல்கிறோம்!

பெரிய தலைவலி 'பாரோ', 'லெண்ட்' இரண்டும்தான். கடன் வாங்கினாலும் கொடுத்தாலும் அவர்களுக்கு 'ஜியே'. "கேன் யூ பாரோ மீ எ பென்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சரி என்று என் பேனாவை எடுத்தேன். என் கையைவிட்டுப் போனால் லெண்ட், கைக்கு வந்தால் பாரோ. அரை மணி நேரம் பேனா மேசையைச் சுற்றி வந்தது. அப்புறம் அது என்னிடம் திரும்பவே இல்லை.

கிளம்பும்போது, "டீச்சர், ஆட் ஆயில்!" என்றார்கள். 'ஜியா யோ' என்பதன் நேர் மொழிபெயர்ப்பு, எண்ணெய் ஊற்று, அதாவது விடாமல் முயற்சி செய் என்று உற்சாகப்படுத்துவது. திருத்த வாய் திறந்தேன். 2018-லேயே அது ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது நினைவுக்கு வர, மூடிக்கொண்டேன்.