காசுபி குன்றில் ஒரு காலை

2009-ல் வேலை விஷயமாக உகாண்டா போயிருந்தபோது, கம்பாலா நகரத்துக் காசுபி குன்றைத் தரிசிக்கும் பாக்கியம் கிடைத்தது. உகாண்டாவுக்குள் அடங்கிய புகாண்டா ராஜ்யத்தின் மன்னர்களான கபாகாக்கள் நால்வர் அங்கே அடக்கமாகி உறைகிறார்கள்.

நாணலால் கட்டிய புஜ்ஜாபுகுலா வாசலைக் கடந்தால் பெரிய முற்றம். எதிரே தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது புல்கூரை. 1882-ல் முதலாம் முத்தேசா தமக்கென்று கட்டிய அரண்மனை அது. 1884-ல் அவர் மறைந்ததும் அங்கேயே அடக்கம் செய்தார்களாம்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே போனேன். இருட்டு. காய்ந்த புல்லின் வாசம் நெஞ்சு வரை இறங்கியது. கண் பழகியதும் அண்ணாந்து பார்த்தேன்: கூரையின் உட்புறம் வளையம் வளையமாக 52 வளையங்கள், புகாண்டா மக்களின் 52 குலங்களுக்கும் ஒவ்வொன்று. கீழே பாயில் மூதாட்டிகள் சிலர் காவலாக அமர்ந்திருந்தார்கள். நானும் காலை மடித்துப் பாயில் உட்கார்ந்தேன்.

எதிரே மரப்பட்டைத் துணியில் ஒரு திரை. செம்மண் நிறம். முத்துபா மரத்தின் பட்டையை உரித்து, மரச்சுத்தியலால் அடித்து அடித்து மெலிதாக்கிய துணி அது. மரத்தை வெட்டுவதில்லை. உரித்த இடத்தில் வாழை இலையைச் சுற்றிக் கட்டிவிட்டால் மறுபடி பட்டை வளர்ந்துவிடுமாம். திரைக்கு அப்பால் இருப்பதைக் காடு என்கிறார்கள். கபாகா இறப்பதில்லை, அந்தக் காட்டுக்குள் போய்விடுகிறார் என்று கூட வந்த வழிகாட்டி தணிந்த குரலில் சொன்னார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. கருவறை முன் நிற்பதுபோல் கை தானாகக் குவிந்தது.

அந்த நால்வரில் இருவர் அந்நிய மண்ணில் உயிர் விட்டவர்கள். நாடு கடத்தப்பட்ட முவாங்கா 1903-ல் செஷல்ஸ் தீவில் இறந்தார். அவர் உடல் ஊர் திரும்ப 1910 ஆயிற்று. இரண்டாம் முத்தேசா 1969-ல் லண்டனில் காலமாகி, 1971-ல்தான் கொண்டுவரப்பட்டார். எத்தனை கடல் தாண்டியிருந்தாலும் இந்தத் திரைக்குப் பின்னால் கொண்டுவந்து சேர்க்காமல் ஜனங்கள் ஓயவில்லை. அதை நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

அடுத்த வருஷமே, 2010 மார்ச் 16 இரவில், அந்தக் கூரை தீயில் எரிந்து போனது. செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் வருஷக்கணக்கில் பாடுபட்டுத் திரும்ப எழுப்பினார்கள். கூரை வேய்வது ங்கேயே குலத்தாரின் உரிமை. புல்லைக் கட்டுக் கட்டாக அடுக்கும் கைப்பழக்கம் அவர்களுக்குப் பரம்பரையாக வருவது. 2023-ல் யுனெஸ்கோவும் ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலிலிருந்து காசுபியை எடுத்துவிட்டது.

அன்று வாங்கிய ஒரு முழம் பட்டைத்துணி எங்கள் பூஜை அறையில் இருக்கிறது. விளக்கேற்றும்போது சில நாள் அந்தப் புல்வாசம் நினைவுக்கு வரும். மறுபடி ஒருமுறை போய் அந்தப் பாயில் உட்கார வேண்டும்.