மொட்டை மாடி ஹைட்ரஜன்: கணக்கும் கோளாறும்

மதுரை வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் பேனல் நாளொன்றுக்கு நாலு, நாலரை யூனிட் கொடுக்கும். தண்ணீரைக் கரண்ட் கொண்டு ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று பிரிக்கும் கருவி எலக்ட்ரோலைசர். ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்க நல்ல எலக்ட்ரோலைசருக்கே 50 முதல் 55 யூனிட் வரை வேண்டும். ஆக, பகல் முழுக்கக் காய்ந்தும் கையில் மிஞ்சுவது 80 கிராம். அழுத்தாமல் அதைப் பிடித்து வைக்க 1000 லிட்டர் சின்டெக்ஸ் டாங்க் ஒன்று வேண்டும். எரித்தால் கிடைக்கும் வெப்பம் 2.7 யூனிட்தான். அதே நாலு யூனிட்டை இண்டக்‌ஷன் அடுப்புக்குக் கொடுத்தால் கிட்டத்தட்ட மூணரை யூனிட் நேரே பாத்திரத்துக்குப் போய்விடும். அதனால் சமையலுக்கு ஹைட்ரஜன் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அம்மோனியா உரம் மாதிரி ஹைட்ரஜனே மூலப்பொருளாக இருக்கும் தொழிலுக்குத்தான் இது பொருந்தும். 2023 ஜனவரியில் மத்திய அரசு பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியதும் அதையெல்லாம் நினைத்துத்தான்.

ஆனால் பாலிடெக்னிக் ப்ராஜெக்டுக்குச் சின்னதாக ஒரு எலக்ட்ரோலைசர் செய்து பார்க்கலாம்.

330 வாட், 72 செல் பேனல் ஒன்று போதும். அதன் பின்பக்க ஸ்டிக்கரில் சுமார் 37.5 வோல்ட், 8.8 ஆம்ப் என்று போட்டிருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பேனல் செல் 25 டிகிரியில் இருக்கும்போது வருவதுதான் அந்த 37.5 வோல்ட். சித்திரை வெயிலில் பேனல் செல் 65 டிகிரியைத் தொடும், வோல்ட் 31, 32-க்கு இறங்கிவிடும். எலக்ட்ரோலைசரில் ஒரு செல்லுக்கு 1.95 வோல்ட் என்று வைத்து, ஸ்டிக்கரை நம்பி 19 செல் கோத்தால், உச்சி வெயிலில்தான் கரண்ட் படுத்துவிடும். 16 செல் போதும். அதாவது 17 நிக்கல் தகடு, ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர், தகடுகளுக்கு நடுவே 16 டயாஃப்ரம் (இரண்டு வாயுவும் கலக்காமல் பிரிக்கும் நுண்துளைத் தடுப்பு). முழு வெயிலில் மணிக்கு 5.3 கிராம் ஹைட்ரஜன் வரும். 48 மில்லி தண்ணீர் குறையும்.

அந்த 48 மில்லியைப் போர் தண்ணீரால் நிரப்பக் கூடாது. நம் பக்கத்துப் போர் தண்ணீர் 800 டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு 800 மில்லிகிராம் கரைந்த உப்பு என்றே வைத்துக்கொள்வோம். தினம் 5 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஆறு கிராம் உப்பு உள்ளே தங்கும். தண்ணீர் மட்டும் வாயுவாகப் போய்விடும், உப்பு எங்கே போகும்? கீசர் காயிலில் படியும் அதே வெள்ளைப் படிவம் டயாஃப்ரத்தின் துளைகளை அடைக்கும், குளோரைடு தகட்டை அரிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்கள். கரண்ட் ஏறட்டும் என்று சமையல் உப்பைப் போடுவதைவிட மோசமான யோசனை கிடையாது. குளோரின் வாயு வரும்.

போட வேண்டியது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, எடையில் 30 சதம். கடையில் கிடைக்கும் செதில் பெரும்பாலும் 85 சதம்தான் சுத்தம். அதனால் ஒரு கிலோ கரைசலுக்கு 350 கிராம் செதில், 650 மில்லி தண்ணீர். செதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட வேண்டும். செதில் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கரைசல் வைத்திருக்கும் கேனின் மூடியும் இறுக்கமாக இருக்கட்டும். திறந்திருந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் குடித்துக் கரைசல் கார்பனேட்டாகிவிடும்.

அதிகாலையும் மேகமூட்டமும்தான் உண்மையான ஆபத்து. டயாஃப்ரம் வழியாக ஆக்சிஜன் பக்கம் கசியும் ஹைட்ரஜன், கரண்ட் எவ்வளவு என்று பார்ப்பதில்லை, கசிந்துகொண்டே இருக்கும். கரண்ட் குறைந்தால் ஆக்சிஜன் உற்பத்திதான் சரியும், அதில் ஹைட்ரஜனின் பங்கு ஏறும். 4 சதம் தாண்டினால் தீப்பிடிக்கும் கலவை. பெரிய ஆலைகளில் 2 சதத்திலேயே இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். இங்கே 2 ஆம்புக்குக் கீழே போனால் துண்டிக்கிற ரிலே ஒன்று வையுங்கள். மாலையில் எலக்ட்ரோலைசரிலிருந்து பேனலுக்குக் கரண்ட் திரும்பாமலிருக்க ஒரு டயோடும் வேண்டும். இரண்டு வாயுவையும் ஒரே குழாயில் விடும் 'எச்எச்ஓ' கிட் பக்கமே போகாதீர்கள்.

திறந்த மொட்டை மாடியில் மட்டும் ஓட்டுங்கள். அறைக்குள் ஹைட்ரஜன் கசிந்தால் கூரையடியில், பீம்களுக்கு இடையில் போய்த் தங்கும். மணம் கிடையாது, பகலில் தீயும் கண்ணுக்குத் தெரியாது.

நிக்கல் விலைக்குப் பயந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு போட்டிருந்தால், சில வாரத்தில் கரைசல் மஞ்சளாகும். குரோமியம் கரைகிறது என்று அர்த்தம், அதுவும் விஷமான ஹெக்சாவேலன்ட் (ஆறு இணைதிறன்) வகை. அந்தத் தண்ணீரைச் சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ கொட்டாமல், கேனில் அடைத்துக் கல்லூரி வேதியியல் லேப் கழிவோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.