குவாரிக் கருங்கல்லில் இருந்து செவ்வாய் நிறமாலை வரை: மாதிரித் தூள் தயாரித்த அனுபவம்

செவ்வாயைச் சுற்றிவரும் கலம் தரையைத் தொட்டுப் பார்ப்பதில்லை. வெயில் பட்டுத் திரும்பும் ஒளியில் எந்த அலைநீளம் குறைகிறது என்று மட்டும் அளக்கிறது. அந்த அளவின் வரைபடமே நிறமாலை; ஒளி குறைந்த இடம் அதில் குழியாகத் தெரியும். 2006இல் அங்கே போய்ச் சேர்ந்த நாசாவின் எம்.ஆர்.ஓ. கலத்தில் உள்ள கிரிசம் என்ற நிறமாலைக் கருவி 0.36 முதல் 3.92 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இப்படித்தான் அளந்தது. அந்தக் குறைவு எந்தக் கனிமத்தால் வந்தது என்று சொல்ல வேண்டுமானால், கனிமம் தெரிந்த பாறையைத் தூளாக்கி ஆய்வகத்தில் அளந்து பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்குத் தோதான கல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏராளம். நைஸ் என்ற பழைய உருமாறிய பாறையை வெட்டிக்கொண்டு நீளநீளமாக ஓடும் டோலரைட் டைக்குகள்தான் (விரிசலில் புகுந்து உறைந்த எரிகுழம்புப் பாறைச் சுவர்கள்) அவை. குவாரிக்காரர்கள் பிளாக் கிரானைட் என்று விற்பது இதையே. ஆகைட் என்ற கருங்கனிமமும் பிளேஜியோகிளேஸ் என்ற வெளிர்கனிமமும்தான் இதில் பெரும்பங்கு. செவ்வாயின் எரிமலைப் பாறைகளிலும் இவை முக்கியமான கனிமங்கள். அளவு எடுப்பது அரைநாள் வேலை. தூள் தயாரிப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் கல். வயலோரம் உருண்டு கிடக்கும் கருங்கற்களை எடுக்காதீர்கள். பழுப்புத் தோல் போர்த்திய அந்தக் கற்களில் உள்ளே ஒரு விரற்கடை ஆழம் வரைகூட இரும்பு துருவேறி, களிமண் கனிமம் பிறந்திருக்கும். குவாரியில் அண்மையில் வெட்டிய முகத்தில் இருந்து கைமுட்டி அளவில் நான்கைந்து துண்டு, மொத்தம் இரண்டு கிலோ போதும். கல்லூரிக் கடிதத்தைக் காட்டி முன்கூட்டியே கேட்டால், கழிவுக் குவியலில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். ஆனால் அந்தக் குவியலில் எந்தத் துண்டு எந்த முகத்தில் இருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வெட்டு முகத்திலேயே எடுத்து, அங்கேயே ஜிபிஎஸ் குறித்து, துணிப்பையில் பென்சிலால் எழுதிய அட்டையைப் போட்டுவிடுவது நல்லது. கல்லின் மேல் பெயின்டால் எண் எழுதக் கூடாது. பெயின்டில் டைட்டானியம் இருக்கும்.

பாலிஷ் பட்டறைகளில் டன் கணக்கில் தூள் சும்மா கிடக்கிறதே, அதை ஏன் எடுக்கக் கூடாது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாளம் அறுக்கும் கேங்சா இயந்திரத்தில் கல்லை அறுப்பது பிளேடு மட்டுமல்ல, கூடவே ஊற்றும் எஃகுக் குருணையும் சுண்ணாம்புக் குழம்பும் சேர்ந்துதான். அந்தச் சேற்றை அளந்தால் எஃகுத் துருவும் கால்சியம் கார்பனேட்டும் நிறமாலையில் ஏறிவிடும். செவ்வாயில் கார்பனேட் கண்டுபிடித்தேன் என்று ஒருவர் எழுதுவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. பட்டறையில் கேட்டு வாங்க வேண்டியது அறுந்த ஓரத்துண்டை; அதிலும் அறுத்த முகத்தை உளியால் தட்டி நீக்கிவிட்டு உள்பக்கத்தை எடுக்க வேண்டும்.

உடைக்கும்போது துண்டைத் தடித்த காடாத்துணியில் சுற்றிச் சம்மட்டியால் அடித்தால் சில்லு தெறிக்காது, சம்மட்டியின் இரும்பும் அதிகம் ஒட்டாது. பட்டாணி அளவு வந்ததும் நீரில் அலசிக் காயவைத்து, லென்ஸால் பார்த்துப் பழுப்பு படிந்த சில்லுகளைப் பொறுக்கிப் போடுங்கள். சலிப்பான வேலை. ஆனால் இதைத் தாண்டிக் குதித்தவர்களின் வரைபடத்தில் 1.4, 1.9 மைக்ரானில் தண்ணீரால் வரும் குழி கட்டாயம் இருக்கும். அடுத்து அரைப்பது. எஃகு ஜாடி இரும்பையும் குரோமியத்தையும் சேர்க்கும். டங்ஸ்டன் கார்பைடு ஜாடி டங்ஸ்டனையும் கோபால்ட்டையும் சேர்க்கும். அகேட் உரல் கொஞ்சம் சிலிக்காவைத்தான் விடும், ஏற்கெனவே பாதி சிலிக்காவாக இருக்கும் கல்லுக்கு அது பெரிய சேதமில்லை. ஒரே மூச்சில் அரைக்காமல், சிறிது அரைத்துச் சலித்து, சல்லடையில் தங்கியதை மட்டும் திரும்ப அரைக்க வேண்டும். இயந்திரத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் எல்லாமே கேழ்வரகு மாவாகிவிடும். அளவு வாரியாகப் பிரிக்கும்போது பெருந்துகள் வகைக்கு ஒன்றும் மிஞ்சாது.

சலிப்பதுதான் இந்த வேலையின் உயிர். 250, 125, 75, 45 மைக்ரான் சல்லடைகளை மேலிருந்து கீழாக அடுக்குகிறோம். மெஷ் கணக்கில் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்ற கணக்கு) 60, 120, 200, 325. பித்தளைச் சல்லடை செம்பும் துத்தநாகமும் கொடுக்கும் என்பதால் ஸ்டெயின்லெஸ் எஃகு சல்லடையே சரி. உலர் சலிப்போடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள். 125–250 மைக்ரான் வகையின் ஒவ்வொரு துகளும் மாவில் புரட்டியதுபோல் வெண்சாம்பல் பூசி இருக்கும். ஆகைட்டின் பச்சை கலந்த கருப்பே தெரியாது. நிலைமின்னால் ஒட்டிய நுண்தூள் அது. அளக்கும்போது ஒளி முதலில் அந்தப் பூச்சில் பட்டுச் சிதறுவதால், பெருந்துகள் என்று எழுதி வைத்த மாதிரி நுண்துகளின் ஒளித்திருப்ப அளவைக் காட்டும். எத்தனாலை ஊற்றிச் சல்லடையிலேயே அலசினால், கீழே வடியும் திரவம் தெளியும் வரை அலசினால், துகள் கழுவிய மணல்போல் மினுங்கும். வடிந்த எத்தனாலை ஓர் இரவு தெளியவிட்டால் அடியில் தங்குவதே 45 மைக்ரானுக்குக் கீழான வகை. அதையும் காயவைத்து எடுத்துக்கொள்ளலாம். சல்லடைக் கண்ணில் அடைத்த துகளை ஊசியால் குத்தவே கூடாது. வலைக்கண் விரிந்தால் சல்லடை போயிற்று. அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு எடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால் 110 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வைத்து, சூடு ஆறும் முன்பே ஈரம் புகாத டெசிகேட்டர் ஜாடிக்குள் மாற்ற வேண்டும். அதில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நீலத்தில் இருந்து இளஞ்சிவப்புக்கு மாறியிருந்தால் முதலில் அதை அடுப்பில் வறுத்தெடுங்கள்.

வேதிச் சோதனைக்கு வெளியே கொடுத்தாலே போதும். தனிமங்களை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் வில்லைக்குச் சுமார் பத்து கிராம், கனிமங்களை அடையாளம் காட்டும் எக்ஸ்ஆர்டிக்கு ஒன்றிரண்டு கிராம். எக்ஸ்ஆர்டி கருவியில் செம்புக் குழாய் இருந்தால், இரும்பு மிகுந்த இந்தக் கல் தானே ஒளிர்ந்து பின்புலத்தை ஏற்றிவிடும். சிகரங்கள் மங்கலாகத் தெரிந்தால் மாதிரியைக் குறை சொல்லாதீர்கள்.

நிறமாலைமானி பெரும்பாலும் சேலத்திலோ பெங்களூரிலோதான் கிடைக்கும். பேருந்துக் குலுக்கலில் பாட்டிலுக்குள் நுண்தூள் அடியில் இறங்கி, பெருந்துகள் மேலே வந்துவிடும். போய்ச் சேர்ந்ததும் பாட்டிலைக் குலுக்காமல், படுக்கவைத்து மெல்ல உருட்டிக் கலந்துவிட்டு, பிறகு கிண்ணத்தில் கொட்டுங்கள். உள்ளே கருப்பு பூசிய, ஒரு சென்டிமீட்டர் ஆழக் கிண்ணம் போதும். மேற்பரப்பைக் கண்ணாடி ஸ்லைடின் விளிம்பால் ஒரே இழுப்பில் வழித்தெடுக்க வேண்டும். அழுத்தித் தட்டினால் பிளேஜியோகிளேஸின் தட்டை முகங்கள் ஒரே பக்கம் திரும்பிப் பளபளக்கும், ஒளித்திருப்ப அளவு ஏறும்.

ஹாலஜன் விளக்கை அரைமணி நேரம் முன்பே எரியவிடுங்கள். அதற்கு நிலைப்படுத்திய டிசி மின்சாரம் வேண்டும், வீட்டு லைன் ஏறி இறங்கினால் வரைபடமும் ஏறி இறங்கும். ஒளி 30 டிகிரியில் விழ, நேர்மேலே இருந்து அளப்பது வழக்கம். ஒப்பிடுவதற்கான வெண்தட்டை முதலிலும் இடையிடையேயும் அளக்க வேண்டும். கிண்ணத்தை 90 டிகிரி திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் அளந்து சராசரி எடுப்போம். 1000 நானோமீட்டர் (1 மைக்ரான்) அருகே கோட்டில் சின்னப் படி ஒன்று தெரிந்தால் அது கனிமமல்ல; கருவிக்குள் ஒரு டிடெக்டர் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம். வார்ம்-அப் போதாதபோது அந்தப் படி பெரிதாகும்.

முதல் வரைபடத்தைப் பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். புத்தகத்தில் ஆகைட்டுக்கு 1 மைக்ரானிலும் 2.2 மைக்ரானுக்கு அருகிலும் ஆழமான குழி இருக்கும்; இங்கே கருத்த, ஏறக்குறைய தட்டையான கோடு. கருவி கெட்டுவிடவில்லை. டோலரைட்டில் உள்ள மேக்னடைட், இல்மனைட் என்ற கரிய இரும்புக் கனிமங்கள் சிறிதளவே இருந்தாலும் ஒளியை விழுங்கிக் குழியை ஆழமற்றதாக்கிவிடுகின்றன. பாலித்தீன் சுற்றிய காந்தத்தைத் தூளின் மேல் ஓட்டி மேக்னடைட்டை நீக்கிவிட்டு மறுபடி அளந்தால் குழி தெளிவாகத் தெரியும். இரண்டு வரைபடத்தையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுப்பாறை என்ற பெயர் முதலாவதற்கு மட்டுமே உரியது. துகள் சிறுத்தால் பிரகாசம் கூடி, குழி ஆழம் குறைவதையும் சலித்து வைத்த வகைகளிலேயே பார்த்துவிடலாம்.

ஒலிவின் என்ற பச்சைக் கனிமத்தைச் சேர்க்க வேண்டுமானால், பெரும்பாலும் ஒலிவினால் ஆன டூனைட் பாறை சேலத்து மாக்னசைட் சுரங்கப் பகுதியில் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் மாக்னசைட் (மக்னீசியம் கார்பனேட்) நரம்பு ஊடுருவி இருக்கும். குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் அது பொங்காது என்பதால் சுத்தமான கல் என்று நம்பிவிடுவார்கள். பொடியாக்கி, அமிலத்தைச் சூடாக்கி ஊற்றினால்தான் குமிழி வரும். ஒலிவின் நீரேறி மாறிய செர்பென்டைன் இருந்தால் 2.3 மைக்ரானில் குழி வரும். எடைக்கணக்கில் நூற்றுக்கு 30 பங்கு டூனைட் கலந்ததால் நிறமாலையும் நூற்றுக்கு 30 பங்கு மாறும் என்று நினைக்க வேண்டாம். இந்த அலைநீளத்தில் தூள் கலவை நேர்க்கணக்குக்குக் கட்டுப்படாது.

முடிவை எழுதும்போது இந்தத் தூளைச் செவ்வாய் மண் என்று அழைக்காதீர்கள். கனிமம் ஒத்துப்போகிறதே தவிர, செவ்வாயின் பாறைகளில் இரும்பு இதைவிட அதிகம், அலுமினியம் குறைவு. அங்குள்ள மண்ணில் கந்தகமும் மிகுதி. புதன் கோளுக்கு இந்தக் கல் பொருந்தவே பொருந்தாது. 2011 முதல் 2015 வரை அதைச் சுற்றிய மெசஞ்சர் கலம் கண்ட மேற்பரப்பில் இரும்பு ஓரிரு சதவீதம்தான். அதோடு பகலில் 430 டிகிரி வரை சூடேறும் தரை அது. அந்தச் சூட்டில் தூளை வெற்றிடத்தில் அளக்க வேண்டும். சாதாரண மஃபிள் அடுப்பில் வைத்தால் காற்றின் ஆக்சிஜன் பட்டு டோலரைட் செம்பழுப்பாகி, நிறமாலையே வேறாகிவிடும்.